‘கர்த்தர் சொன்னார்’: விலை கொடுப்பது யார்?

டிசம்பர் 31 இரவு தமிழ்நாட்டுத் தேவாலயங்களில் உட்கார இடம் கிடைப்பது அரிது. ஆண்டு முழுக்கக் கோயில் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள்கூடப் புத்தாடை உடுத்தி, பத்து மணிக்கே வந்துவிடுவார்கள். நள்ளிரவு மணி அடித்து, ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லி முடித்த பிறகும் பலர் கலையாமல் நிற்பது ஒரு சிறு அட்டைக்காக. வேதாகம வசனம் ஒன்று அதில் அச்சாகியிருக்கும். புத்தாண்டுக்கான வாக்குத்தத்தம் அது. சில சபைகளில் எல்லோருக்கும் ஒரே வசனம். சில இடங்களில் தட்டிலிருந்து ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும். வேலை தேடும் பிள்ளை, குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதி, கடனில் சிக்கிய வியாபாரி என எடுப்பவர் யாரானாலும், அச்சகத்தில் கட்டுக்கட்டாக அடித்த அந்த வசனத்தைத் தனக்கென்றே கடவுள் சொன்னதாக எடுத்துக்கொள்கிறார்.

இதைக் கேலி செய்வது எளிது. ஆனால் இதற்கு முந்நூறு ஆண்டுப் பழைய உறவு உண்டு. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் மொராவிய சகோதரர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 1728இல் நாளுக்கொரு வசனம் சொல்லும் வழக்கத்தைத் தொடங்கினார்கள். 1731 முதல் அது சிறு நூலாக ஆண்டுதோறும் வெளிவருகிறது. அதற்கான பழைய ஏற்பாட்டு வசனங்களை இன்றும் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கிறார்கள். அந்த மொராவியர்கள் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து தங்கினார்கள். வசனத்துக்கு மட்டுமல்ல, கல்யாணத்துக்கும் அவர்கள் சீட்டுப் போட்டார்கள். அது சரிப்படவில்லை என்று கண்டு, சாதாரண உறுப்பினர்களின் திருமணத்துக்குச் சீட்டுப் போடுவதை 1818இல் கைவிட்டார்கள். வசனம் தொடர்ந்தது, கல்யாணச் சீட்டு நின்றது. ஒரு சமூகம் தன் அனுபவத்தைப் பார்த்துத் தானே வரம்பு போட்டுக்கொண்ட கதை இது.

இங்கே அட்டையோடு விஷயம் நின்றுவிடுவதில்லை. யூடியூபில் மாதத்துக்கு ஒரு தீர்க்கதரிசனம், வாரத்துக்கு ஒரு தீர்க்கதரிசனம் வருகிறது. மேடையில் நின்று, கூட்டத்தில் இருக்கும் ஒருவரின் நோயையும் கடனையும் விரல் நீட்டிச் சொல்லும் ஊழியர்கள் இருக்கிறார்கள். யாரைக் கல்யாணம் செய்வது, எந்த நிலத்தை விற்பது, எந்தக் கட்சி ஜெயிக்கும் என்பதுவரை “கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தினார்” என்ற முன்னுரையோடு பதில் கிடைக்கிறது. கடவுள் மனிதரோடு பேசுவார் என்று நம்புவது கிறிஸ்தவத்தின் உயிர்நாடி. அதை யாரும் பறிக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்டதைச் சோதித்துப் பார்க்கும் வழக்கமும் அதே சமயத்துக்குள் அதே அளவு பழமையானது. இன்று கேட்பது பெருகியிருக்கிறது, சோதிப்பது சுருங்கியிருக்கிறது. சோதனைகள் பல உண்டு. எந்த விசுவாசியும், இறையியல் படிக்காமலேயே, செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது: இந்தச் செய்திக்கான விலையைக் கொடுக்கப்போவது அதைச் சொன்னவரா, கேட்டுக்கொண்டிருப்பவரா?

காதில் விழுவதில்லை

கிறிஸ்தவர் ஒருவர் “ஆண்டவர் என்னோடு பேசினார்” என்று சொல்லும்போது, காதில் விழுந்த ஓசையைப் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை. வாசித்துக்கொண்டிருந்த வசனம் திடீரென்று உறைத்திருக்கும். ஜெபத்தில் ஒரு நினைவு மறுபடி மறுபடி வந்திருக்கும். பிரசங்கத்தில் விழுந்த ஒரு சொல் தன் வீட்டு நிலைமைக்கு அப்படியே பொருந்தியிருக்கும். கி.பி. 386இல் மிலான் நகரத் தோட்டமொன்றில் மனம் உடைந்து அழுதுகொண்டிருந்த அகுஸ்தீன், ‘எடுத்துப் படி’ என்று பக்கத்து வீட்டுக் குழந்தை பாடுவதுபோல் ஒரு குரல் கேட்டு, கைக்கெட்டிய பவுலின் நிருபத்தைத் திறந்தார். கண்ணில் பட்ட பகுதி அவர் வாழ்க்கையைத் திருப்பியது. கேட்டது ஒரு பிள்ளையின் குரலாகவே இருக்கலாம். அதைத் தனக்கான கட்டளையாக அவர் எடுத்துக்கொண்டதுதான் வரலாறு.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மானுடவியலாளர் டான்யா லூர்மன், சிகாகோவிலும் கலிஃபோர்னியாவிலும் வின்யார்டு என்ற கிறிஸ்தவ இயக்கச் சபைகளின் ஆராதனைகளிலும் ஜெபக் குழுக்களிலும் பல ஆண்டுகள் உட்கார்ந்து கவனித்து, 2012இல் அதைப் புத்தகமாக்கினார். அவர் கண்டது, கேட்பது ஒரு பயிற்சி என்பதை. மனத்தில் ஓடும் ஆயிரம் நினைவுகளில் எது தன்னுடையது, எது கடவுளுடையது என்று பிரிக்கப் புதியவர்கள் மூத்தவர்களிடம் கற்றுக்கொள்கிறார்கள். அது தானாக யோசித்து வந்ததா, எதிர்பாராமல் வந்ததா? வேதாகமம் காட்டும் கடவுளின் குணத்தோடு ஒத்துப்போகிறதா? வேறொருவர் வழியாகவோ நிகழ்ச்சிகள் வழியாகவோ உறுதிப்பட்டதா? மனத்தில் சமாதானம் இருக்கிறதா? இப்படி அவர்களுக்குள் ஒரு சோதனைப் பட்டியலே இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொண்டு அவர் ஒரு சோதனையும் நடத்தினார். ஒரு பிரிவினர் ஒரு மாதம் கற்பனையை ஈடுபடுத்தி ஜெபித்தார்கள். மற்றவர்கள் நற்செய்தி நூல்கள் பற்றிய விரிவுரை கேட்டார்கள். மாத முடிவில் ஜெபித்தவர்களின் மனக்காட்சிகள் கூடுதல் தெளிவோடு இருந்தன.

சென்னையும் அவர் ஆய்வில் வருகிறது. சென்னை, கானாவின் அக்ரா, கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோ ஆகிய மூன்று ஊர்களில் தலா 20 மனநோயாளிகளிடம் அவர்கள் கேட்கும் குரல்களைப் பற்றி அவரும் சென்னை மருத்துவர்கள் உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் விசாரித்தார்கள். முடிவு 2015இல் வெளியானது. அமெரிக்கர்கள் கேட்டவை பெரும்பாலும் வன்முறைக் குரல்கள். அக்ராவில் பலருக்குக் கடவுளே பேசினார். சென்னையில் பாதிப் பேருக்கு மேல் கேட்டது சொந்தக்காரர்களின் குரல். வீட்டு வேலையைச் செய் என்று அவை திட்டின, புத்தி சொல்லின. பக்தி வேறு, நோய் வேறு என்பதில் லூர்மன் தெளிவாக இருக்கிறார். ஆனால் உள்ளே கேட்கும் குரலின் சாயலைக்கூட ஊரும் உறவும் வடிவமைக்கின்றன என்பதை இந்த ஆய்வு காட்டியது. எல்லாமே மனத்தின் வேலை என்று நாத்திகர் இதை வைத்து வாதிடலாம். அவரவர் பாஷையில்தான் கடவுள் பேசுவார் என்று விசுவாசி பதில் சொல்லலாம். செய்தித்தாள் கட்டுரை தீர்க்கும் வழக்கு அல்ல அது. குரலைக் கேட்டவர் அதன் பிறகு என்ன செய்தார் என்பதை மட்டும் எல்லோராலும் பார்க்க முடியும்.

நானூறு பேரும் ஒருவரும்

கடவுள் பேசியதாக வந்து நிற்பவரைச் சந்தேகிப்பது விசுவாசக் குறைவு என்று மேடைகளில் சொல்லப்படுகிறது. வேதாகமம் அப்படிச் சொல்லவில்லை. ராஜாக்களின் முதலாம் புத்தகத்தில் ஆகாப் ராஜா போருக்குப் போகலாமா என்று கேட்க, நானூறு தீர்க்கதரிசிகள் ஒரே குரலில் வெற்றி என்கிறார்கள். அவர்களில் சிதேக்கியா என்பவர் இரும்புக் கொம்புகளே செய்து கொண்டுவந்து காட்டுகிறார். மிகாயா ஒருவர் மட்டும் தோல்வி என்கிறார். கன்னத்தில் அடி வாங்குகிறார், சிறைக்குப் போகிறார். ஆகாப் வேஷம் மாறிப் போர்க்களத்துக்குப் போய், குறி வைக்காமல் எய்த அம்பில் சாகிறார். எண்ணிக்கையும் ஆரவாரமும் மேடைப் பொருள்களும் உண்மைக்குச் சாட்சியாகா என்று இதைவிடப் பச்சையாகச் சொல்ல முடியாது.

சிறுவன் சாமுவேலின் கதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். இரவில் யாரோ கூப்பிட, மூன்று முறையும் அவன் கிழவர் ஏலியிடம்தான் ஓடுகிறான். கூப்பிட்டது கடவுள் என்று கண்டுபிடித்து, எப்படிப் பதில் சொல்வது என்று கற்றுக்கொடுத்தவர் ஏலி. அதிகம் கவனிக்கப்படாதது மறுநாள் காலைக் காட்சி. கிடைத்த செய்தி ஏலியின் குடும்பத்துக்கே எதிரானது. பையன் சொல்லப் பயப்படுகிறான். ஒன்றையும் மறைக்காதே என்று அவனை வற்புறுத்தி வாங்கி, தன் வீட்டின் அழிவைப் பற்றிய அந்தச் செய்தியைக் கிழவர் ஏற்றுக்கொள்கிறார். தனக்கு நஷ்டமான செய்தியையும் கேட்கத் தயாராக இருந்தவர்தான் அங்கே குரலை அடையாளம் காட்டினார்.

பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது தீர்க்கதரிசனங்களை அலட்சியப்படுத்த வேண்டாம் என்கிறார். அதே மூச்சில் எல்லாவற்றையும் சோதித்து நல்லதை வைத்துக்கொள்ளச் சொல்கிறார். கொரிந்து சபையில் இரண்டு மூன்று பேர் பேசட்டும், மற்றவர்கள் நிதானித்துப் பார்க்கட்டும் என்று ஒழுங்குபடுத்துகிறார். ஆதிச் சபையின் கையேடான ‘டிடாகே’ இன்னும் கறாரானது. பல நூற்றாண்டுகள் காணாமல் போயிருந்த இந்தச் சிறு நூல் 1873இல் கான்ஸ்டாண்டிநோபிளில் ஒரு கையெழுத்துச் சுவடியில் கிடைத்தது. ஊர் ஊராக வரும் ஊழியர் மூன்று நாள் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் அவர் பொய்யர் என்கிறது அது. ஆவியில் நிறைந்து பேசுவதாகச் சொல்லிப் பணம் கேட்டால் செவிகொடுக்க வேண்டாம். பிறருடைய கஷ்டத்துக்காகக் கேட்டால் குறை சொல்ல வேண்டாம். ஆவியில் விருந்துக்கு உத்தரவிடும் உண்மையான தீர்க்கதரிசி, அந்த விருந்தில் தான் கை வைக்க மாட்டார். செய்தியின் லாபம் சொல்பவருக்கே திரும்புகிறதா என்று பார்ப்பது, இரண்டாயிரம் ஆண்டுக்கு நெருக்கமான பழைய சோதனை.

கழுதையும் சீட்டும்

சோதிக்கக் கற்றுக்கொடுத்த பெரியவர்களே இளமையில் சறுக்கியவர்கள் என்பது சுவாரஸ்யம். 1521இல் பாம்ப்லோனா போரில் காலில் குண்டடிபட்டுப் படுத்த இக்னேஷியஸ் லொயோலாவுக்கு வாசிக்கக் கிடைத்தவை கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் கதைகளும். அரசவைப் பெண்ணொருத்தியைக் கவரும் கனவிலும் மணிக்கணக்கில் மிதந்தார், புனிதர்களைப்போல் வாழும் கனவிலும் மிதந்தார். இரண்டும் அந்த நேரத்தில் இனித்தன. முதல் கனவு கலைந்த பிறகு மனம் வறண்டது. இரண்டாவது கலைந்த பிறகும் மகிழ்ச்சி தங்கியது. இந்த வித்தியாசத்தைக் கவனித்ததில்தான் அவருடைய ஆன்மிகம் தொடங்குகிறது.

அப்படியும் அடுத்த ஆண்டே வழியில் ஒரு முஸ்லிம் பயணியோடு மாதாவின் கன்னிமை பற்றித் தகராறு வந்தது. முன்னே போய்விட்ட அவரைத் துரத்திக் குத்துவதா, விடுவதா என்று இக்னேஷியஸுக்குத் தெரியவில்லை. ஏறியிருந்த கோவேறு கழுதையின் கடிவாளத்தைத் தளர்த்தி, அது எந்தப் பாதையில் போகிறதோ அதுவே கடவுளின் விருப்பம் என்று விட்டுவிட்டார். கழுதை வேறு பாதையில் திரும்பியதால் ஓர் உயிர் தப்பியது.

மெதடிஸ்டு இயக்கத்தின் ஜான் வெஸ்லி கதையும் இதற்குச் சளைத்ததல்ல. 1737 மார்ச்சில், அமெரிக்காவின் ஜார்ஜியா குடியேற்றத்தில், சோஃபி ஹாப்கி என்ற பெண்ணை மணப்பதா என்று தவித்த அவர் மூன்று சீட்டுகள் எழுதச் செய்தார்: மணந்துகொள், இந்த ஆண்டு வேண்டாம், இனி நினைக்கவே வேண்டாம். மூன்றாவது சீட்டு வந்தது. சில நாளில் அந்தப் பெண் இன்னொருவரை மணந்தார். கடவுளின் முடிவு என்று ஏற்றிருந்தால் கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். சில மாதம் கழித்து வெஸ்லி அவருக்கு நற்கருணை தர மறுத்தார், வழக்கு வந்தது, அந்த ஆண்டு டிசம்பரில் ஊரை விட்டே கிளம்பினார்.

பிற்காலத்தில் இருவரும் கழுதையையும் சீட்டையும் நம்பித் தங்கள் இயக்கங்களை நடத்தவில்லை. 1548இல் போப்பாண்டவர் மூன்றாம் பால் அங்கீகரித்த இக்னேஷியஸின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் தேர்ந்து தெளிவதற்கான விதிகள் இருக்கின்றன. மனம் சோர்ந்த வேளையில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்பது அவற்றில் பிரபலமானது. இன்னொரு விதி இன்றைய மேடைகளுக்கு நேரடியாகப் பொருந்தும். ஆறுதல் கடவுளிடமிருந்தே நேராக வந்திருந்தாலும், அது வந்த கணத்தையும் அதன் பிறகு அதன் சூட்டில் மனம் தானாகப் போடும் திட்டங்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறார். பின்னதில் நம் விருப்பங்களும் கணக்குகளும் கலந்துவிடும். ஜெபத்தில் ஒருவர் உண்மையாகவே உருகியிருக்கலாம். அந்த உருக்கத்தின் முடிவில் அவர் அறிவிக்கும் கட்டட நிதித் திட்டம் கடவுளுடையது என்பதற்கு அது சான்றாகாது.

விலை கொடுத்தவர்கள்

தமிழ் மண்ணோடு தொடர்புள்ள ‘அழைப்பு’க் கதைகள் சிலவற்றை இந்தக் கோணத்தில் பார்க்கலாம். 1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில், மிஷனரி மருத்துவரின் மகள் ஐடா ஸ்கடர் வீட்டுக்கு ஒரே இரவில் மூன்று பேர் வந்தார்கள்: ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் வேறொரு உயர்சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஆண் மருத்துவரை அனுமதிக்க முடியாது, நீங்கள் வர வேண்டும் என்றார்கள். ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். மிஷனரி ஆகவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்த அந்தப் பெண் அதைக் கடவுளின் குரலாக எடுத்துக்கொண்டார். அமெரிக்கா போய் 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் சிறு மருந்தகமாகத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. இன்றைய சி.எம்.சி.யின் வேர் அது. குரல் எதுவும் ஒலிக்கவில்லை, தரிசனம் இல்லை. கதவு மூன்று முறை தட்டப்பட்டது. அதற்கு அவர் கொடுத்தது தன் ஆயுளை.

வட அயர்லாந்தின் ஏமி கார்மைக்கேலுக்கு 1892இல் கிடைத்தது ‘போ’ என்ற உணர்த்துதல் மட்டும்தான். எங்கே என்று இல்லை. ஜப்பான் என்று முடிவு செய்து 1893இல் போனார். பதினைந்து மாதத்தில் உடல்நிலை கெட்டது. இலங்கை, இங்கிலாந்து, பெங்களூர் என்று அலைந்து திருநெல்வேலிச் சீமைக்கு வந்து சேர்ந்தார். 1901இல் கோயிலிலிருந்து தப்பி வந்த சிறுமி ஒருத்தியின் வரவுதான் டோனாவூரில் அவருடைய வேலை அத்தகைய பிள்ளைகளைக் காப்பது என்று காட்டியது. 1895இல் இந்தியா வந்தவர் 1951இல் டோனாவூரிலேயே இறக்கும்வரை ஒருமுறைகூடத் தாயகம் திரும்பவில்லை. கேட்டது சரியாக இருந்தாலும் அதற்குக் கொடுத்த பொருள் தவறலாம் என்பதையும், தவறும்போது திருத்திக்கொள்ளும் செலவைத் தானே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதையும் அவர் வாழ்க்கை காட்டுகிறது.

இவர்களுக்கும் முன்பே இருந்தவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். 1810இல் பிறந்த இந்தத் திருநெல்வேலித் தமிழர், மிஷன் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்வது என்ற கொள்கையை ஆங்கில மிஷனரி ஆண்டனி நாரிஸ் குரோவ்ஸிடம் கற்றார். குரோவ்ஸின் தங்கையை மணந்தவர்தான் பிரிஸ்டலில் ஆயிரக்கணக்கான அனாதைக் குழந்தைகளைக் காப்பாற்றிய ஜார்ஜ் முல்லர். கடவுளின் சித்தத்தை அறிய முல்லர் கையாண்ட முறை நிதானமானது. முதலில் அந்த விஷயத்தில் தன் சொந்த ஆசை அடங்க வேண்டும்; பிறகு வேதம், சூழ்நிலை, ஜெபம் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்; வெறும் உணர்ச்சியை நம்பக் கூடாது. அனாதை இல்லத்துக்காக மனிதரிடம் அவர் பணம் கேட்டதில்லை. அருளப்பனின் கிறிஸ்தியான்பேட்டையிலும் சுற்றுப்புறங்களிலும் 1860இல் பெரும் எழுப்புதல் வந்தது. அந்நிய பாஷையும் தீர்க்கதரிசனமும் அங்கே பெருகின. பெந்தெகோஸ்தே இயக்கத்தின் பிறப்பிடமாகச் சொல்லப்படும் லாஸ் ஏஞ்சலஸின் அசுசா தெருக் கூட்டங்களுக்கு அது 46 ஆண்டு மூத்தது. ஆகவே இன்றைய தீர்க்கதரிசன மேடையை வெளிநாட்டு இறக்குமதி என்று ஒதுக்கிவிட முடியாது. சம்பளம் வேண்டாம் என்று சொன்னவரின் ஊரில் அது தொடங்கியது என்பதையும் மறக்கக் கூடாது.

கேட்டவர்கள் கட்டிய விலை

எழுப்புதலுக்கு மறுபக்கமும் உண்டு. பிராமணராகப் பிறந்து கிறிஸ்தவரான ‘வித்வான் குட்டி’ என்ற ஜஸ்டஸ் ஜோசப் திருவிதாங்கூரில் செல்வாக்கு மிக்க போதகராக இருந்தார். கிறிஸ்து 1881இல் திரும்பி வருவார் என்று அறிவித்தார். நம்பியவர்கள் சபையை விட்டு அவர் பின்னால் போனார்கள். 1881 வந்து போயிற்று.

அமெரிக்காவில் 2020 அதிபர் தேர்தலில் டிரம்ப் மீண்டும் வெல்வார் என்று கடவுள் சொன்னதாகப் பல பிரபல தீர்க்கதரிசிகள் அறிவித்தார்கள். அவர் தோற்றார். ஜெரமையா ஜான்சன் என்ற இளம் ஊழியர் 2021 ஜனவரியில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பாராட்டு வரவில்லை, கொலை மிரட்டல்கள் வந்தன. கடவுள் சொன்னதை இவர் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று அவருடைய பார்வையாளர்களே கொதித்தார்கள். இரண்டு மாதத்தில் தன் பெயரில் நடந்த ஊழியத்தையே மூடினார். தீர்க்கதரிசனம் தவறியதைவிடக் கவனிக்க வேண்டியது இந்தக் கோபம். தாங்கள் விரும்பியதையே கடவுளின் வாயில் கேட்கப் பழகிய கூட்டம், மேடையில் இருப்பவர் உண்மை பேசுவதையும் தடுத்துவிடும். ஆகாபுக்கு நானூறு பேர் கிடைத்ததும் இப்படித்தான்.

கென்யாவின் ஷகாஹோலா காட்டில் நடந்தது கடைசி எல்லை. பட்டினி கிடந்தால் இயேசுவைச் சந்திக்கலாம் என்ற போதனையை நம்பிக் குடும்பம் குடும்பமாகச் செத்தவர்களின் புதைகுழிகள் 2023 ஏப்ரலில் வெளிப்பட்டன. தோண்டி எடுத்த உடல்கள் நானூறுக்கு மேல், குழந்தைகள் பலர். போதகர் பால் மெக்கன்சி மீது கொலைக் குற்றச்சாட்டு உட்பட வழக்குகள் தொடரப்பட்டன. அவர் குற்றச்சாட்டை மறுத்தார். பின்பற்றியவர்கள் எலும்பும் தோலுமாகக் கிடந்தபோது கைதான போதகர் உயிரோடு இருந்தார் என்பது மட்டும் எந்தத் தீர்ப்புக்கும் காத்திருக்க வேண்டாத உண்மை.

அதிகாரம் சோதித்தால் போதுமா?

சோதிக்கும் பொறுப்பை ஆயர்களிடமும் திருமண்டலங்களிடமும் விட்டுவிட்டால் போதுமே என்று கேட்கலாம். அதற்கு எதிரான வலுவான சாட்சி பிரான்ஸின் ஜோன் ஆஃப் ஆர்க். பதிமூன்று வயது முதல் புனிதர்களின் குரல்களைக் கேட்டதாகச் சொன்ன அந்தக் கிராமத்துப் பெண்ணை 1429இல் புவாத்தியே நகரில் இறையியலாளர்கள் வாரக்கணக்கில் விசாரித்து, தீங்கில்லை என்று அனுப்பினார்கள். அவர் முன்நின்ற பிரெஞ்சுப் படையால் ஆங்கிலேயரின் ஆர்லியன்ஸ் முற்றுகை உடைந்தது. 1431இல் ரூவான் நகரில் ஆங்கிலேயர் பக்கம் நின்ற ஆயர் தலைமையில் அதே திருச்சபையின் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்த்தது, உயிரோடு எரித்தார்கள். 1456இல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. 1920இல் அவர் புனிதரானார். விசாரணை இருந்தும் ரூவானில் நியாயம் கிடைக்கவில்லை, விசாரித்தவர்களுக்கே அந்தத் தீர்ப்பில் லாபம் இருந்ததால். யார் விலை கொடுக்கிறார்கள் என்ற கேள்வியைத் தீர்க்கதரிசியிடம் கேட்பதுபோல் நீதிபதியிடமும் கேட்க வேண்டியிருக்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபை இந்த விஷயத்தில் காலம் எடுத்துக் கற்றிருக்கிறது. லூர்து நகரில் 1858இல் மாதாவைப் பதினெட்டு முறை கண்டதாகச் சொன்ன பெர்னதெத் பதினான்கு வயது ஏழைச் சிறுமி. கைவிடப்பட்ட சிறை அறையில் குடியிருந்த குடும்பம். கொடுத்த காசை வாங்க மறுத்தார் என்பது விசாரித்தவர்களின் கண்ணில் பட்டது. ஆயர் அங்கீகரிக்க 1862 ஆனது. அப்படி அங்கீகரித்த காட்சிகளைக்கூட நம்பியே ஆக வேண்டும் என்று திருச்சபை யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. 2024 மே மாதம் வத்திக்கான் வெளியிட்ட புதிய நெறிமுறைகளின்படி, ஒரு காட்சி இயற்கைக்கு அப்பாற்பட்டது என்று இனிப் பொதுவாக அறிவிக்கவே மாட்டார்கள். பக்திக்குத் தடையில்லை என்பதே அதிகபட்சச் சான்று. பணம், அதிகாரம், புகழ் தேடுவது எதிர்மறை அடையாளம் என்றும், தெய்விக அனுபவத்தைச் சாக்காக வைத்து மனிதரை அடக்கி ஆள்வதும் துன்புறுத்துவதும் குறிப்பாகக் கடுமையான ஒழுக்கக் குற்றம் என்றும் அந்த ஆவணம் சொல்கிறது.

தமிழ்நாட்டின் சுயாதீனச் சபைகளுக்கு வத்திக்கானும் இல்லை, சினாடும் இல்லை. பாஸ்டரே நிறுவனர், அவர் குடும்பமே அறக்கட்டளை என்ற நிலையில் நிதானித்துப் பார்க்க மற்றவர் யார்? அமெரிக்காவில் 2020 தோல்விக்குப் பிறகு பெந்தெகோஸ்தே, கரிஸ்மாட்டிக் தலைவர்களே 2021 ஏப்ரலில் ஒரு நெறி அறிக்கை வெளியிட்டார்கள். பகிரங்கமாகச் சொன்னது நடக்கவில்லை என்றால் பகிரங்கமாகப் பொறுப்பேற்க வேண்டும், வரத்தைப் பணத்துக்கும் செல்வாக்குக்கும் பயன்படுத்தக் கூடாது என்பவை அதில் முக்கியமானவை. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பதினேழாம் நூற்றாண்டு முதலே வேறொரு வழி வைத்திருக்கிறார்கள். ஊழியப் பயணத்துக்குக் கடவுள் ஏவுகிறார் என்று நினைப்பவர் அதைத் தன் கூடுகையின் முன் வைக்க வேண்டும். அவர்கள் விசாரித்து எழுத்தில் சம்மதம் கொடுத்த பிறகே கிளம்புவார்.

இவற்றிலிருந்து இங்கே எடுத்துக்கொள்ளக்கூடியவை செலவில்லாதவை. பொது மேடையிலும் யூடியூபிலும் சொல்லும் தீர்க்கதரிசனத்தைத் தேதியோடு பதிவேட்டில் எழுதலாம்; ஆண்டு முடிவில் நடந்ததையும் நடக்காததையும் சபையாருக்கு வாசிக்கலாம். தனிநபருக்குச் சொல்லும் வார்த்தையோடு காணிக்கைப் பேச்சு வரக் கூடாது என்று விதிக்கலாம். திருமணம், சொத்து, சிகிச்சை மூன்றிலும் வரும் ‘வெளிப்பாடு’ எதையும், ஊழியரின் குடும்பத்தையும் சம்பளப் பட்டியலையும் சாராத இரண்டு மூன்று மூத்தவர்கள், அவர்களில் பெண்களும் இருக்க, உட்கார்ந்து விசாரிக்காமல் யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஒழுங்கு வைக்கலாம். இன்சுலினை நிறுத்து, மாத்திரையைத் தூக்கிப் போடு என்று ஒருவரிடம் சொல்லப்பட்டால், அதை மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு என்று பிரசங்க பீடத்திலிருந்தே அறிவிக்கலாம். போதகர் ஐக்கியங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. மாதந்தோறும் பல இடங்களில் கூடி ஜெபிக்கவும் செய்கின்றன. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் தொடங்கிவிடலாம்.